நெற்றி நரம்பு புடைத்தால் ஆத்திரம்

பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். நான் ஓய்வு பெற்றவள் இல்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். என் வீட்டில் ஓய்வு என்று ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால், இரண்டரை வயது இனியா அதைப் பிடுங்கி சோபாவுக்கு அடியில் போட்டுவிடுவாள்.

எழுதக் காரணம் திவ்யா. ஓசூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சீல் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டு அறையில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அழைத்தாள்.

"அக்கா, நீங்க இருந்தப்போ ஒரு கோபப் பலகை இருந்துச்சாமே? இப்ப அதையே போன்ல கொண்டு வந்திருக்காங்க. காலையில வந்ததும் ஒரு மஞ்ச மூஞ்சிய அழுத்தணும். ஒம்பது மூஞ்சி இருக்கு. எது கடுப்பு, எது பசின்னே தெரியல. உங்க பலகையில என்னென்ன வார்த்தை போட்டிருந்தீங்க?"

வார்த்தைகளை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு கவலை வந்துவிட்டது. வார்த்தைகள் மட்டும் போனால் போதுமா? அந்தப் பலகையால், எங்கள் லைனில் இருந்த ரத்னம்மா அக்காவுக்கு நிரந்தர வேலை கைநழுவவிருந்த கதையையும் சேர்த்து அனுப்ப வேண்டாமா? வேண்டாம் என்று இரண்டு முறையும் வேண்டும் என்று மூன்று முறையும் தோன்றியதால் எழுதுகிறேன்.

என் ஊர் சாமல்பட்டி. கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்து, ஓசூரில் இரண்டு இடங்களில் பயிற்சியாளராக இருந்து, மூன்றாவதாக இங்கே வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தில் நின்றேன், கற்றுக்கொண்டேன்.

இங்கே எனக்குக் கிடைத்த வேலை வீக்கம் பார்ப்பது. என்ஜினுக்குள் எண்ணெயில் ஊறிக்கொண்டே இருக்கிற ரப்பர் வளையம் காலப்போக்கில் உப்பும். கொஞ்சம் உப்பினால் நல்லது, இடைவெளி அடையும். அதிகம் உப்பினால் பிதுங்கிக் கிழியும். எவ்வளவு உப்புகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். வளையத்திலிருந்து மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி, காற்றில் ஓர் எடை, தண்ணீரில் தொங்கவிட்டு ஓர் எடை. பிறகு சூடான எண்ணெயில் போட்டு அடுப்புக்குள் வைக்க வேண்டும். மூன்று நாள் கழித்து எடுத்து, ஆறவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை வடிதாளால் எடுத்து, திரும்பவும் இரண்டு எடை. அந்த வடிதாள் கட்டத்தில்தான் பெரும்பாலான பெண்கள் அழுவார்கள்.

"ஒத்தணும்மா. துடைக்கக் கூடாது. அமுக்கவும் கூடாது. கொழந்தைக்கு மூக்கு ஒத்தற மாதிரி."

சொல்வது பத்மநாபன் சார், தரக் கட்டுப்பாட்டுத் தலைவர். குரல் உயரவே உயராது. மடிப்புக் கலையாத கைக்குட்டை வைத்திருப்பார். யாரையும் ஒரு சொல் திட்டியதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, பொரி சாப்பிட்டபடி அதைச் சொல்வார். "எனக்குக் கோபமே வராதும்மா. அது என் சுபாவம்."

உண்மைதான். திட்டியதில்லை. தவறான எடையை நீட்டினால் வாங்கிப் பார்ப்பார். முதலில் உதடு இறுகும். பிறகு இரண்டு கன்னமும் மெதுவாக உப்பும். மூக்கு விடைக்கும். கடைசியில் நெற்றியின் இடது ஓரத்தில் ஒரு நரம்பு எழுந்து நிற்கும். "ம்" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தருவார். அவ்வளவுதான். நாங்கள் அந்தத் தாளோடு கழிவறைக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் எடை போடுவோம்.

இனியா என் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோதுதான் மனிதவளத் துறைக்குச் சென்னையிலிருந்து கௌதம் வந்தார். நல்ல பையன். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. தொழிலாளர்களின் மனநிலையைத் தினமும் அளக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு பலகை. இடப்பக்கம் பெயர்கள், மேலே ஐந்து நிறக் கட்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டக் காந்தம். பச்சையிலிருந்து சிவப்பு வரை, அன்றைய மனநிலைக்கு ஏற்ற கட்டத்தில் காந்தத்தை ஒட்ட வேண்டும். பெண்கள் அந்தக் காந்தத்துக்கு முதல் நாளே 'பொட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்டங்களுக்குப் பெயரை அவர் கணினியில் மொழிபெயர்த்துக் கொண்டு வந்திருந்தார். லேசான எரிச்சல், மிதமான எரிச்சல், உயர் எரிச்சல் என்று போனது.

பரிசோதனை மேசையில் இருக்கும் சல்மா அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிதமான எரிச்சலுன்னா எங்க மேடம்? வயித்துலயா, கீழயா? இது மெடிக்கல் ரூம் பலகையா?"

நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தே வேலை பார்க்கிற நிலையில் இருந்ததால், பெயர் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டு, கோபத்துக்குத் தமிழில் என்னென்ன சொல் என்று எழுதத் தொடங்கினேன். சினம், வெகுளி, சீற்றம் என்று அழகாக வந்தது. கேன்டீனில் படித்துக் காட்டினேன்.

"வெகுளின்னா அப்பாவி இல்லீங்களா மேடம்?" என்றான் பேக்கிங்கில் இருக்கும் வேடியப்பன். கல்லாவிக்காரன். "எங்கூர்ல கோவம் வந்தா 'புசுபுசுன்னு இருக்கான்'னு சொல்லுவாங்க."

"பூரியாடா அது?" என்றார் சல்மா அக்கா. காவேரிப்பட்டினத்தில் அவர் வீட்டார் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். பேரம் பேசிப் பேசி வளர்ந்த வாய். "பொருமல்னு போடுங்க மேடம். வாய்ல ஒண்ணும் வராது, உள்ளயே பொருமிக்கினு இருப்பாங்கல்ல, அது."

"அது கடலப் பருப்பு தின்னா வர்றது."

"ரெண்டும் அதேதான்டா. உள்ள போனது வெளிய வரலன்னா பொருமல்."

ரத்னம்மா அக்கா சிரித்துச் சிரித்து மோரைச் சிந்தினார். அவர் வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, லைனில் தமிழ். "எங்க வூட்டுல 'மொக ஊதிக்கினு' இருக்காங்கன்னு சொல்லுவோம் மேடம். தெலுங்குக்காரங்க வாயைக் கொடம் மாதிரி வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதான். யாருக்குக் கோவம் வந்தாலும் எதுனா ஒண்ணு வீங்குது."

வேடியப்பன் கேட்டான். "பேசாம கோவம்னே போட்டுட்டா என்ன?"

"கோவம்ங்கறது ஊர் பேரு மாதிரிடா," என்றார் சல்மா அக்கா. "எந்தத் தெருன்னு சொல்லணும்ல?"

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. வருத்தம் வந்தால் நம் ஆட்கள் சுருங்குகிறார்கள், வாடுகிறார்கள், கூம்பிப் போகிறார்கள். கோபம் வந்தால் கன்னம் உப்புகிறது, மூக்கு விடைக்கிறது, வயிறு பொருமுகிறது, நரம்பு புடைக்கிறது. எவ்வளவு வீங்குகிறது என்று பார்ப்பதுதானே என் வேலை? ஐந்து சொல் எழுதினேன். இயல்பு, உம், உப்பல், பொருமல், ஆத்திரம்.

பத்மநாபன் சாரிடம் காட்டினேன். தாளை வெகு நேரம் பார்த்தார். "வார்த்தை சரிம்மா. ஆனா எப்படி அளப்பாங்க? கண்ணுக்குத் தெரியற அடையாளம் வேணும். அது இல்லாத தரம் தரமே இல்ல."

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அடையாளம் அச்சடித்தோம். உம் என்றால் உதடு இறுகியிருக்கும். உப்பல், கன்னம். பொருமல், மூக்கு விடைத்து மூச்சு சத்தமாக வரும். நெற்றி நரம்பு புடைத்தால் ஆத்திரம். அதையெல்லாம் அவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கர்ப்ப காலத்தில் மறதி வரும் என்பார்கள், யோசனையும் குறையும் போல.

பலகையைத் திறந்து வைத்த காலையில் அவர்தான் பேசினார். "புதுசா ஒண்ணும் யோசிக்க வேண்டாம். லைன்ல பாகத்தை எப்படிப் பார்த்துக் குறிக்கறீங்களோ, அதே மாதிரி இதையும் பார்த்துக் குறிங்க."

எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு பலகை தினமும் நிறைந்தது. சல்மா அக்காவின் பெயருக்கு எதிரே எப்போதும் பச்சை. வேடியப்பனுக்குப் பெரும்பாலும் உப்பல், சில நாள் பொருமல். ரத்னம்மா அக்காவுக்கு எதிரே ஆத்திரம். முதல் நாள் ஆத்திரம். மறுநாளும் ஆத்திரம். அடுத்த வாரமும் அதே சிவப்பு.

கௌதம் பதறிவிட்டார். ரத்னம்மா அக்காவை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். வாழைப்பழம் கொடுத்தார். மோர் கொடுத்தார். ரத்னம்மா அக்கா எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். "நல்ல பையன் மேடம். எனக்கு மட்டும் தனியா கூப்ட்டு பழம் குடுக்கறாரு. ஏன்னுதான் தெரியல." மறுநாள் காலையில் சிவப்பு.

அந்த மாத முடிவில் மிகவும் அமைதியான தொழிலாளி என்று சல்மா அக்காவுக்கு ஒரு டிபன் டப்பா பரிசு தந்தார்கள். வாங்கியதும் அவர் மூடியைத் திறந்து பார்த்து, "ஏன் சார், உள்ள பிளாஸ்டிக்கா? இத வெச்சி நான் சூடா எதுனா எடுத்துட்டுப் போறதா? யாரு வாங்கினது இத?" என்று போட்ட சத்தத்தில் அடுத்த கட்டடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கௌதம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பலகையில் பச்சை இருந்தது.

சிரிக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. வரிசையில் முதலில் இருந்தவர் ரத்னம்மா அக்கா. வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் இருந்தவர். ஆர்டர் குறைந்தால் ஒப்பந்த ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவரை அப்படி இரண்டு முறை அனுப்பி, திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை போனபோது ரோஜாத் தோட்டத்தில் முள் வெட்டப் போனார். இனி அந்த வேலைக்குக் கை தாங்காது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கௌதம் என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார். "தேன்மொழி, அவங்க வெளிய சிரிச்சுட்டே இருக்காங்க. பலகையில டெய்லி ஆத்திரம். உள்ள அடக்கி வெச்சிருக்காங்க. அதான் ரொம்ப டேஞ்சர். கையில கத்தி வெச்சு வேலை பாக்கறவங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லப் போறேன்."

ரத்னம்மா அக்காவின் வேலை, அச்சிலிருந்து வந்த வளையத்தின் பிசிறைச் சிறு கத்தியால் நீக்குவது. அந்தக் கத்தியால் அவர் செய்த ஒரே வன்முறை, எனக்கு மாங்காய் நறுக்கிக் கொடுத்தது.

சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான். ஆத்திரம் என்றால் அவர் வீட்டில் வேறு ஏதாவது பொருளா? நிறம் குழம்பிவிட்டதா? என் கணவரிடம் சொன்னபோது, "நேரா போய்க் கேளேன்" என்றார். அவருக்கு எல்லாமே எளிது.

வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில் கேட்டேன். லைன் ஓரத்தில் மூவரும் நின்றிருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு யார் மேல கோவம்?"

"எனக்கா? எனக்கென்ன மேடம் கோவம்?"

"அப்புறம் ஏன் தெனமும் பொட்டை ஆத்திரத்துல வெக்கறீங்க?"

"அவரு மூஞ்சி அப்படித்தானே இருக்குது?"

"யாரு மூஞ்சி?"

"பத்மநாபன் சாரு மூஞ்சிதான். காலைல வந்து நிக்கறப்பவே நரம்பு பொடச்சிக்கினு இருக்குது. நாள் தவறாம."

நான் உட்கார வேடியப்பன் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டான்.

விஷயம் இதுதான். எங்கள் லைனில் யாரும் தன் வேலையைத் தானே சரி பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது. தனக்கு முன்னால் இருப்பவரிடமிருந்து வருவதைப் பார்த்து, குறை இருந்தால் தன் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். தன்னுடையதை அடுத்தவர் பார்ப்பார். சேர்ந்த முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். 'லைன்ல பாக்கற மாதிரியே பாருங்க' என்று சார் சொன்னதும் அப்படியே செய்துவிட்டார்கள். ரத்னம்மா அக்காதான் லைனில் முதல் ஆள். அவருக்கு முன்னால் யார்? ஒவ்வொரு ஷிஃப்டிலும் அச்சிலிருந்து வரும் முதல் வளையத்தை இழுத்து, முறுக்கி, வெளிச்சத்தில் பார்த்து, "ம்" என்று சொல்லி அவர் கையில் கொடுப்பவர் பத்மநாபன் சார்.

"அப்ப நீங்க?" என்று சல்மா அக்காவைக் கேட்டேன்.

"நான் இவளப் பாத்து வெக்கறேன். எப்பப் பாரு இளிச்சிக்கினே இருக்கா. பச்சை."

"வேடியப்பா?"

அவன் சல்மா அக்காவைப் பார்த்தான். குரல் தாழ்ந்தது. "நான் சல்மா அக்காவப் பாத்துதான் மேடம். பயத்துல கம்மியாத்தான் வெச்சேன்."

"டேய்!"

"பாத்தீங்களா மேடம், இது உப்பலா சொல்லுங்க?"

"தன் மனசு எப்படி இருக்குன்னுதானே வெக்கணும்?" என்றேன். எனக்கே குரல் எடுபடவில்லை.

ரத்னம்மா அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நரம்பு, மூக்கு, கன்னம்னு அடிச்சு வெச்சிருக்கீங்க. அவங்கவங்க மூஞ்சிய அவங்களே எப்படி மேடம் பாக்கறது? கண்ணாடியா மாட்டியிருக்கீங்க?"

நாளை அவருடைய நிரந்தர வேலை கைநழுவப்போகிறது என்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர் முகம் வீங்கவில்லை. சுருங்கியது. "ரோஜாத் தோட்டத்துக்கு என்னால முடியாது மேடம்" என்று மட்டும் சொன்னார்.

இனி இரண்டு வழிதான். பலகை வைத்ததே தப்பு, வீசி எறியுங்கள் என்று கூட்டத்தில் பொதுவாகச் சொல்லலாம். ஏன் தப்பு என்று கௌதம் கேட்பார். அல்லது உண்மையைச் சொல்லலாம். கோபமே வராது என்று பொரி தின்றுகொண்டே சொல்கிற மனிதரிடம். என் பேறுகால விடுப்பில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான் என்பது வேறு நினைவுக்கு வந்தது. உள்ளே இனியா உதைத்தாள். ஆம் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை. இன்றுவரை அவள் விஷயத்தில் அதே நிலைமைதான்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன் சாரின் மேசைக்கு முன் நின்றேன்.

"சார், அந்தப் பலகையில ரத்னம்மா அக்கா அளவு தப்பில்ல. மாதிரிதான் மாறிப் போச்சு."

பரிசோதனைக்கூட மொழியில் சொன்னால் அவருக்கு வலிக்காது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம்.

"எந்த மாதிரிம்மா?"

"நீங்க சார்."

லைன் விதியைச் சொன்னேன். முதல் வளையத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உதடு இறுகியது. கன்னம் இரண்டும் மெதுவாக எழுந்தன. மூக்கு விடைத்தது. என் கண் தானாகவே அவர் நெற்றியின் இடது ஓரத்துக்குப் போனது. அவர் என் பார்வை போகும் இடத்தைக் கவனித்தார். கையை எடுத்து, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

விரலை அங்கிருந்து எடுக்காமலே கேட்டார்.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"காலையில கொஞ்சம் ஜாஸ்தி சார்."

"நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"வார்த்தை இல்ல சார்."

அவர் எழுந்து கூட்டத்துக்குப் போனார். நான் பின்னாலேயே காலைத் தேய்த்துக்கொண்டு போனேன். கௌதம் ரத்னம்மா அக்காவின் சிவப்புக் கட்டங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். பத்மநாபன் சார் உட்காரவில்லை.

"அது அந்தம்மா கோபம் இல்ல. என்னோடது" என்றார். "விதிப்படி சரியா அளந்திருக்காங்க. இவ்வளவு நாள்ல ஒரு நாள்கூடத் தவறவிடல. இப்படி ஒரு ஆளை நிரந்தரம் பண்ணாம வேற யாரைப் பண்ணுவீங்க?"

மேலாளர் கையெழுத்துப் போட்டார். கௌதம் மட்டும் அவருக்கே உரிய அக்கறையோடு, "அப்போ சார், சாயங்காலம் மூச்சுப் பயிற்சிக்கு நீங்க வரணும்" என்றார்.

சாயங்காலம் பத்மநாபன் சார் வாழைப்பழத்தோடு நடந்து போனதை நானும் சல்மா அக்காவும் வேடியப்பனும் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். வேடியப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சல்மா அக்கா அவன் வாயைப் பொத்தினார்.

திங்கட்கிழமை காலை முதல் வளையம் வந்தது. சார் அதை இழுத்தார், முறுக்கினார், வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பல்லைக் காட்டினார். அவர் சிரிக்க முயல்கிறார் என்று எங்களுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. வளையத்தை ரத்னம்மா அக்கா கையில் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

ரத்னம்மா அக்கா வளையத்தை வாங்கி வைத்தார். சார் முகத்தை, பிசிறு தேடுகிற அதே கண்ணால், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பார்த்தார். பலகைக்குப் போனார். பொட்டைச் சிவப்பிலிருந்து எடுத்தார். பொருமலைத் தாண்டினார். உப்பலில் ஒட்டினார்.

"பச்சை வெக்கக் கூடாதா?" என்று சார் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"வெச்சிருப்பேன் சார், போன வாரமா இருந்தா," என்றார் ரத்னம்மா அக்கா. "இப்ப நானு பர்மனென்ட்டு. பொய் ரிப்போர்ட் குடுக்கக் கூடாதுல்ல?"

சாரின் கன்னம் இன்னும் கொஞ்சம் எழத் தொடங்கியது. ரத்னம்மா அக்காவின் கை மறுபடியும் பொட்டுக்குப் போனது.

கன்னம் இறங்கியது.